வலது ஓரத்து இரண்டு ஸ்லைடர்கள்

அந்தப் பம்பு மெக்கானிக்கை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. காதுக்காரர் என்றால்தான் தெரியும். ஓடுகிற மோட்டாரின் மேல் ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, பிடியைக் காதில் ஒட்டவைத்து, "பேரிங் போச்சு" என்பார். பிரித்துப் பார்த்தால் போயிருக்கும். பல வருடமாக ஊரே ஒருவரின் காதை இப்படி நம்பினால் அவருக்குத் தலைக்கனம் வராமல் என்ன செய்யும்? சும்மா சொல்லக்கூடாது, தாராளமாகவே வந்திருந்தது.

அதே தலைக்கனத்தோடுதான் அவர் மவுத் ஆர்கனும் வாசித்தார். சின்னக் குழு அது. கிட்டாருக்குக் கணக்கு வாத்தியார், டிரம்ஸுக்குப் பேக்கரிக்காரர், மவுத் ஆர்கனுக்கு இவர், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் பெட்டியில் இவருடைய மைத்துனன். மனைவியின் சொந்தத் தம்பி. ஸ்பீக்கர் ரிப்பேர் கடை வைத்திருந்தான். அதிகம் பேசமாட்டான்.

மவுத் ஆர்கனை மைக்கோடு சேர்த்து இரண்டு கைக்குள்ளும் பொத்தி வாசித்தால், பின்னால் இருக்கிற ஆம்ப், அதாவது ஒலிபெருக்கிப் பெட்டி, அதை வாங்கி முழங்கும். சத்தம் கொஞ்சம் மிஞ்சினால் மைக் அந்த முழக்கத்தையே திரும்ப வாங்கிக்கொண்டு விசில் அடிக்கத் தொடங்கிவிடும். அதை அடக்கத்தான் காலடியில் ஈக்வலைசர் பெடல். அதில் மேலும் கீழும் நகர்த்துகிற ஏழு ஸ்லைடர்கள். இடது பக்கத்தில் இருப்பவற்றை ஏற்றினால் குரல் தடிக்கும். வலது ஓரத்து இரண்டை ஏற்றினால் ஊசி மாதிரி கூராகும். மவுத் ஆர்கன்காரர்கள் பெரும்பாலும் அந்த இரண்டையும் நன்றாக இறக்கி வைப்பார்கள். காதுக்காரர் மட்டும் ஏற்றினார்.

"இறக்கினா கம்பளியைப் போத்திக்கிட்டு வாசிக்கிற மாதிரி இருக்கு. என் காதுக்குத் தெரியாதா?" என்பார். மனைவியின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து, ஒவ்வொரு ஸ்லைடரும் நிற்கவேண்டிய இடத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டார். அதற்கப்புறம் அந்தப் புள்ளிகள்தான் சட்டம்.

சட்டத்தை யாரோ மீறினார்கள். நிகழ்ச்சி முடிந்து பெடலைத் துடைத்து வைக்கும்போது பார்த்தால் வலது ஓரத்து இரண்டும் புள்ளிக்கு ரொம்பக் கீழே கிடக்கும். வண்டியில் குலுங்கியிருக்கும் என்று விட்டார். மறுபடியும் நடந்தது. ஒருநாள் இடைவேளையில் தண்ணீர் குடிக்கப் போனவர் சட்டென்று திரும்பிவந்தார். மைத்துனன் குனிந்து பெடலில் விரல் வைத்திருந்தான். கையும் களவுமாக மாட்டிக்கொண்டான்.

காதுக்காரர் வாய்க்கு வந்தபடி பேசினார். வாத்தியாரும் பேக்கரிக்காரரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கூட இருந்தே குழி பறிக்கிறியாடா? என் பேரைக் கெடுக்க எத்தனை நாளா இந்த வேலை?"

"அத்தான், அது வந்து..."

"பேசாத. ஒயரைச் சுத்தத்தான் உன்னைச் சேர்த்தது. என் காதுக்கு நீ பாடம் எடுக்காத. நாளையிலேருந்து இந்தப் பக்கமே வராத."

மைத்துனன் வாயைத் திறந்தான். எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்தான். "சரி அத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து வீட்டில் மனைவி தட்டை மேஜையில் வைக்கிற சத்தம் மட்டும் கூடியது. அதுவாவது அவருக்கு நன்றாகக் கேட்டது.

அடுத்த நிகழ்ச்சி ஓர் அலுவலகத்தின் ஆண்டு விருந்து. காதுக்காரர் ஸ்லைடர்களைப் புள்ளியில் நிறுத்தி, நகராதபடி மேலே டேப் ஒட்டினார். வாசிக்க ஆரம்பித்தார். இன்றைக்குத்தான் என் சத்தம் என் சத்தமாக வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. பரிமாறுகிறவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார். இரண்டாவது வரிசையில் மனைவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அவரையே பார்த்து வேண்டாம், வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"நிறுத்துங்க! விசில் அடிக்குது!" என்று வாத்தியார் பக்கத்தில் வந்து கத்தினார்.

காதுக்காரர் மவுத் ஆர்கனை உதட்டிலிருந்து எடுத்தார். "எங்க அடிக்குது? எனக்கு ஒண்ணும் கேக்கலையே!"

மைக் கையிலேயே இருந்தது. அவர் கேட்ட கேள்வி ஆம்ப் வழியாகக் கூடம் முழுக்க முழங்கியது. பிறகு பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பேக்கரிக்காரர் எழுந்துவந்து ஆம்பை அணைத்தார். மனைவியின் கைகள் காதிலிருந்து இறங்கின. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மீதிப் பாட்டுகளை அவர் இல்லாமலேயே வாசித்தார்கள். அவர் மேடைக்குப் பின்னால் ஒயர்ப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்.

வீடு திரும்பும் வழியில் மனைவி அன்றுதான் முழுசாகப் பேசினாள்.

"எல்லாம் ஒரு வருஷமா நடக்குது. மெல்லிசு சத்தம் எதுவும் உங்களுக்குக் கேக்கறதில்லைன்னு அவன்தான் முதல்ல கண்டுபிடிச்சான். நீங்க ஒவ்வொரு தடவை ஏத்தும்போதும் காதும் காதும் வச்ச மாதிரி இறக்கிட்டு வந்தான். அத்தான்கிட்ட சொல்லிடாதேக்கா, மனசு விட்டுடுவார்னான்."

"நீயாவது சொல்லியிருக்கலாமே."

"ஒரு வருஷம் மாத்தி வச்சிருக்கான். உங்க காதுக்கு எப்பவாவது தெரிஞ்சுதா? கண்ணுக்குத்தானே தெரிஞ்சுது?"

காது போனதில்கூட அவருக்கு அவ்வளவு வெட்கம் இல்லை. வருடக்கணக்கில் அந்த மோட்டார்களின் இரைச்சலிலேயே நின்றால் போகத்தான் செய்யும். தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவனைப் பார்த்துத் திருடனைக் கேட்பது மாதிரி கேட்டோமே, அதுதான் அறுத்தது. அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே தப்பித்திருப்பான். ஆட்கள் முன்னால் அத்தானை விட்டுக்கொடுக்க மனசு வராமல் பழியை வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.

மறுநாள் வேலைக்குப் போன இடத்தில் ஸ்க்ரூடிரைவரை எடுத்தவர் அதைத் திரும்பப் பைக்குள் போட்டார். "பிரிச்சுப் பாத்துட்டுச் சொல்றேங்க" என்றார். வீட்டுக்காரர் அவரை ஒருமாதிரி பார்த்தார்.

சாயங்காலம் மைத்துனனின் கடை வாசலில் போய் நின்றார். உள்ளே அவன் கிழிந்த ஸ்பீக்கர் ஒன்றுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தான்.

"வாங்க அத்தான்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டான். எதுவுமே நடக்காதது மாதிரி. அது இன்னும் மோசமாக இருந்தது.

அவர் உட்காரவில்லை. "ஞாயித்துக்கிழமை பயிற்சிக்கு வா."

"இங்கேயே பேசிக்கலாமே அத்தான். எல்லார் முன்னாடியும் எதுக்கு?"

"எல்லார் முன்னாடியும்தானே உன்னைச் சொன்னேன். வாடா."

ஞாயிற்றுக்கிழமை பேக்கரியின் பின்பக்க அறையில் மாவு மூட்டைகளுக்கு நடுவே ஆம்பை வைத்தார்கள். காதுக்காரர் பெடலைக் கொண்டுவந்து மைத்துனன் முன்னால் தரையில் வைத்தார். சிவப்புப் புள்ளிகளை ராத்திரியே சுரண்டி எடுத்திருந்தார். பேச வேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தார். இப்போது ஒன்றும் வரவில்லை. தொண்டையைச் செருமினார்.

"நான் சொன்னது தப்பு. இவன் எதையும் கெடுக்கலை. என் காதுதான் கெட்டுப்போச்சு."

வாத்தியார் கிட்டாரின் கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேக்கரிக்காரர் டிரம்ஸின் திருகாணியைத் தேவையில்லாமல் முறுக்கினார். மைத்துனன் மட்டும் கண் கலங்கிவிட்டு, அதை மறைக்கக் குனிந்து பெடலில் கை வைத்தான்.

"வாசிங்க அத்தான். நானே சரி பண்றேன்."

அவர் கைகளைப் பொத்தி ஒரு நீண்ட சுரத்தை ஊதினார். மைத்துனன் எங்கே விசில் பிடிக்கிறது என்று பார்க்க ஓர் ஓரத்து ஸ்லைடரை மெல்ல ஏற்றினான். எதிரே இரண்டு பேர் முகமும் சுருங்கியது.

"இப்ப அடிக்குது. கேக்குதா அத்தான்?"

அவனுடைய விரல் ஸ்லைடரிலேயே இருந்தது. எல்லோரும் வேறெங்கோ பார்க்க முயன்றார்கள். 'லேசாக் கேக்குது' என்று ஒரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்கமாட்டார்கள்.

"கேக்கலைடா" என்றார்.

மைத்துனன் ஸ்லைடரைக் கீழே இறக்கினான். எதிரே அந்த இரண்டு பேரின் தோளும் தளர்ந்ததைக் காதுக்காரர் கண்ணால் பார்த்தார். விசில் நின்றுவிட்டது என்று அப்படித்தான் தெரிந்துகொண்டார்.