பெயர் சொல்லாத முள்

இப்போதெல்லாம் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. கையில் வெளிச்சம் காட்டுகிற ஏதாவது ஒன்று இருந்தால் போதும், அது சொல்கிற பக்கம் திரும்பிவிடுகிறார்கள். என் மகள் லுவால்ஹாத்தி பைலட்டுக்குப் படிக்கப் போனதும் விமானத்துக்குள் திசை காட்டும் ஒரு முள்ளை நம்பித்தான்.

அந்த முள்ளைத் திருப்புவது எங்கள் குன்றின் மேலிருக்கும் ரேடியோ நிலையம். பத்தொன்பது வருடமாக அங்கே புல் வெட்டுகிறேன், எருமைகளை விரட்டுகிறேன். ஊரில் என்னை மரியாதையாக ‘மாங் இசியோ’ என்பார்கள். நிலையம் ஓயாமல் தந்திக் குறியில் பீப் பீப்பென்று தன் பெயரைக் கூவும். பைலட்டுகளின் காதிலும், இங்கே அறைக்குள் இருக்கும் ஸ்பீக்கரிலும் கேட்கும். லுவால் அதைக் கேட்டே வளர்ந்தவள்.

பக்கத்துத் தீவில் படிக்கப் போனவள் பதினான்கு மாதமாக வீட்டுக்கு வரவில்லை. இன்றுதான் முதல்முறை தனியாக நெடுந்தூரம் பறக்கிறாள். வழி எங்கள் குன்றின் மேல்.

“நேர் மேல வந்தா முள்ளு குழம்பிடும்ப்பா. அப்ப நான் கீழதான் பாப்பேன். வெளிய வந்து நில்லு” என்று போனில் சொல்லியிருந்தாள்.

அவள் சின்ன வயதில் போர்த்திக்கொண்ட மஞ்சள் போர்வையைப் புல்லில் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தேன். ஒன்பது மணிக்கு பீப் சத்தம் நின்றது.

காலைப் படகில் வந்திருந்த மெக்கானிக் கிரிசாந்தோ உள்ளே எதையோ கழற்றிக்கொண்டிருந்தான்.

“ஏன்டா நிறுத்தின?”

“ரிப்பேர், மாங் இசியோ. ரிப்பேர் நடக்கறப்ப நிலையம் பேரச் சொல்லக் கூடாது.”

“அப்ப முள்ளு?”

“சோதிச்சுப் பாக்க அலைய மட்டும் விட்டிருக்கேன், அதனால அது ஆடும். தப்பாவும் ஆடலாம்.”

“எம்பொண்ணு வந்துட்டிருக்காடா! அந்த அலையையும் நிறுத்தித் தொலைக்க வேண்டியதுதானே?”

அவன் முகம் மாறியது. விமானத் தளத்துக்குப் போன் போட்டான். “கெளம்பிட்டாளாம். ரேடியோவுல சொல்லிடறாங்களாம். பயப்படாதீங்க. பேரு கேக்கலன்னா முள்ள நம்பாதேன்னு மொத நாளே சொல்லிக் குடுப்பாங்க.”

“சொல்லிக் குடுத்ததையெல்லாம் எவன் கேக்கறான்? உம்பொண்டாட்டி குடிக்காதேங்கறா, நீ கேக்கறியா?”

பத்தேகாலுக்கு வர வேண்டியவள். பத்தரை ஆனது. மேற்கே தீவு முடிந்தால் வெறும் கடல்தான். கொண்டுவந்த கருவாட்டுச் சோற்றை நான் பிரிக்கவே இல்லை. ஒரு சத்தம் கேட்டு ஓடினேன், கீழே மீன்படகு. கழுத்து வலிக்க வானத்தையே பார்த்து நின்றேன்.

பதினொன்றுக்கு கிரிசாந்தோ போனோடு ஓடி வந்தான்.

“போக வேண்டிய எடத்துல எறங்கிட்டா! இந்தப் பக்கமே வரல. காதுல பேரு கேக்கலன்னதும் முள்ள விட்டுட்டு, கரையோரமாவே சுத்திப் போயிட்டாளாம். அவங்க ரேடியோவுல கூப்பிடறதுக்கு முன்னாடியே திரும்பிட்டா. உங்க புத்தி அப்படியே இருக்கு, யாரையும் நம்பறதில்ல!”

உயிர் வந்தது. ஆனாலும் என் கண் வானத்தைத்தான் பார்த்தது. சரியாகத்தான் செய்தாள். சரியாகச் செய்ததால்தான் நான் அவளைப் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் மறுபடி பீப் கேட்டது.

“எல்லாம் சரியாயிடுச்சு, மாங் இசியோ. நாளைக்குத் திரும்பறப்ப கண்டிப்பா மேல வருவா.”

“எவன் சொன்னான்? உன் முள்ளா?”

“போர்வைய எடுக்கலியா?”

“அது கெடக்கட்டும்” என்று சொல்லிவிட்டுக் குன்றை விட்டு இறங்கினேன்.