துண்டு போட்ட நாற்காலி

வாத்தியாரும் சலூன்காரரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. சலூன்காரர் கத்தரிக்கோல் பிடித்த நாளிலிருந்து வாத்தியார் தலையில் வேறு எவன் கையும் பட்டதில்லை.

"ரெட்டைச் சுழிடா உனக்கு. ரெண்டு பொண்டாட்டி யோகம்."

"ஒருத்தியையே சமாளிக்க முடியல, நீ வேற."

ஒவ்வொரு தடவையும் இதே பேச்சுதான். இரண்டு பேருக்கும் அலுக்கவே இல்லை.

ஆட்சி மாறியது. ஊரே வாயைப் பொத்திக்கொண்டது. வகுப்பில் ஏதோ பேசிவிட்டார் என்று வாத்தியாரை வேலையிலிருந்து நிறுத்தி, விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அவரோடு டீ குடித்த பாவத்துக்கு மளிகைக்கடைக்காரரைக் கூட்டிப்போய் நாள் முழுக்கக் குடைந்தார்கள். சலூன்காரரின் மகனுக்கோ அரசாங்க வேலைக்கு ஆர்டர் வரவேண்டிய நேரம் அது.

விசாரணைக்கு முந்தின நாள் வாத்தியார் கடைக்கு வந்தார். முடி காதை மறைத்திருந்தது. பெஞ்சில் காத்திருந்தவர்கள் செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். சலூன்காரர், பஸ்ஸில் இடம் பிடிக்கிறவர் மாதிரி, காலி நாற்காலியில் சட்டென்று துண்டைப் போட்டார்.

"ஆள் வருது. சாயங்காலமா வாங்க, சார்."

இத்தனை வருஷப் பழக்கத்தில் முதன்முதலாக 'வாங்க', 'சார்'. சொன்ன நாக்கு கசந்தது. வாத்தியார் துண்டைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார். "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஒருவேளை வந்து தொலைத்துவிட்டால்? பொழுது சாய்வதற்கு முன்பே சலூன்காரர் ஷட்டரை இழுத்துப் பூட்டினார். செய்த துரோகம் போதாதென்று இது வேறு.

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் இருவரும் நேருக்கு நேர். ஒளிய இடமில்லை. வாத்தியார் இஸ்திரி கலையாத சட்டையில் நின்றார். தலைதான் அலங்கோலம். ஒரு கிருதா ஏறி, ஒன்று இறங்கி, பின்கழுத்தில் எலி கடித்த மாதிரி. வீட்டுக் கத்தரிக்கோலால் மனைவி வெட்டியிருக்கவேண்டும். இந்தத் தலையோடா அதிகாரிகள் முன்னால் போய் நிற்பது? சலூன்காரருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான், அப்போதும் பார்த்துவிட்டுத்தான், கிட்டே போனார்.

"வாடா, கடையைத் திறக்கறேன். அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணிடலாம்."

வாத்தியார் தலையைத் தடவிக்கொண்டே சிரித்தார்.

"இருக்கட்டும்டா. நான்தான் இப்படி வெட்டச் சொன்னேன். இந்தத் தலையைப் பாத்து, உன் கடைக்கு வந்தேன்னு எவனும் சொல்லமாட்டான். நீ பயப்படாதே."

பஸ் வந்தது, ஏறிக்கொண்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் சலூன்காரர் அன்றைக்குத் தூங்கியிருப்பார்.