மிந்தேயை மிதித்தவள்

1

இந்தக் கதை ஒரு செடியின் பெயரிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரேக்கப் புராணத்தில் மிந்தே என்று ஒரு சின்ன நீர்த்தேவதை. பாதாள அரசன் அவளை நேசித்தான். பிறகு அரசியாக வந்த பெர்செபொனி அவளைக் காலால் மிதித்தாள். மிதித்த இடத்தில் புதினா முளைத்தது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் அதற்கு இன்றும் அவள் பெயர்தான்.*

மிதித்தவளின் மனதை யாரும் கேட்கவில்லை. நான் கேட்க நினைத்தேன்.

(* டேனிஷிலும்தான். இந்தக் கதையில் வரும் பவளராணிக்கு இது தெரியாது. நான் சொல்லப்போவதுமில்லை.)

2

ஹோர்சன்ஸ் நகரத்துச் சேமக்காலையில் மழை பெய்து...

(வேண்டாம். டென்மார்க் என்றால் மழைதானா?)

நல்ல வெயில். பவளராணி மகள் அன்னாவோடு கணவர் நீக்கிலாஸின் கல்லறைக்கு வந்தபோது, தலைமாட்டில் யாரோ புதினா நட்டிருந்தார்கள். யாரென்று பவளராணிக்குத் தெரியும். அகதியாக வந்த புதிதில் நீக்கிலாஸ் பென்ரெ என்ற டேனிஷ்காரியோடு வாழ்ந்தவர். கலியாணத்துக்கு முன்பே அதைச் சொல்லியிருந்தார். பிறகு அந்தப் பெயரை வீட்டில் எவரும் எடுத்ததில்லை.

பவளராணி சப்பாத்துக் காலால் செடியை மிதித்தாள். வாசம் எழுந்தது.

"அம்மா, காலை எடுங்கோ. அப்பான்ரை தலைமாடு."

"தெரியும்."

[இங்கே அவளை அழவைத்திருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். முதியோர் இல்ல வேலையில் மற்றவர்களின் கண்ணீரைத் துடைத்தே பழகியவள்.]

3

பென்ரெ பூவாளியோடு வந்தாள். முதல் வரைவில் அவளை அழகியாக எழுதியிருந்தேன். இப்போது எழுபது தாண்டி, தடியூன்றி நடக்கிறாள். நசுங்கிய செடியைப் பார்த்தாள். கேட்காமல் நட்டதற்கு மன்னிப்புக் கேட்டாள்.

நாள்தோறும் பேசும் டேனிஷ் அன்று பவளராணியின் வாயில் வரவில்லை.

"பிள்ளை, இவவோட இருக்கேக்கை அப்பா சிரிக்கிறவரோ எண்டு கேள்."

"அம்மா..."

"கேள். எங்களோட அவர் பெரிசாச் சிரிக்கேல்லை."

அன்னா கேட்டாள்.

4

இரண்டு பதில்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் பென்ரெ, "நித்திரையில் மட்டும் சிரிப்பார்" என்கிறாள். மற்றதில், "இல்லை. உங்களோடாவது சிரித்திருப்பார் என்று நினைத்தேன்" என்கிறாள்.

எதையும் வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பதிலுக்குப் பின் நடந்தது மட்டும் எனக்குத் தெரியும். பவளராணி தன் முழங்கையை நீட்டினாள். பென்ரெ பிடித்துக்கொண்டாள். பஸ் வரும்வரை மூவரும் ஒரே வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள்.