மழை பெய்யாத கிரகம்

லிசாவுக்குக் கோபம் வந்தால் உடனே பேச்சு வராது. முதலில் காது சிவக்கும், பிறகு கையில் இருப்பது எதுவானாலும் கீழே போகும், அதற்கப்புறம்தான் வாய் திறக்கும். அன்று காலை கீழே போனது டீ கிளாஸ்.

"யாரு தொட்டது இத?"

கொட்டகை மேசையில் அவளுடைய மண்தட்டுகள் வரிசையாக இருந்தன. நேற்றுச் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போகும்போது அந்தத் தட்டுகளில் ஒரு கிரகமே இருந்தது. குழிகள், குழிக்குள் குழிகள், நீள நீளமாக வெடிப்புகள், தொட்டால் விரலைக் கீறுகிற விளிம்புகள். இப்போது எல்லாம் கழுவிக் கவிழ்த்த சாப்பாட்டுத் தட்டு மாதிரி வழவழவென்று கிடந்தன. படுபாவி எவனோ கிரகத்தையே துடைத்து வைத்திருந்தான்.

சென்னையில் கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கிற ஒரு கம்பெனி அவளிடம் மாதிரி கேட்டிருந்தது. விளையாட்டில் ஒரு கிரகம் வருகிறது. இல்லாத கிரகம்தான், ஆனால் பார்க்கிறவன் நம்ப வேண்டும். கம்ப்யூட்டரிலேயே வரைந்தால் பிளாஸ்டிக் பந்து மாதிரி இருக்கிறதாம். நிஜ மண்ணைச் சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுத்து, அந்தப் படத்தை உருண்டையின்மேல் போர்த்தினால்தான் உயிர் வருமாம். லிசாவோடு செராமிக் படித்த சண்முகப்ரியா அங்கேதான் வேலை செய்கிறாள். மாதிரி பிடித்துவிட்டால் லிசாவுக்கும் அங்கே வேலை. படங்கள் அன்று மாலைக்குள் போய்ச் சேர வேண்டும்.

அதற்காக அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கூழ்மண்ணைத் தட்டில் ஊற்றி, பாதி இறுகும் பதம் பார்த்து, ஏணிமேல் ஏறி நின்று கோலிக்குண்டு போட்டாள். கல்லுப்பைத் தூவினாள். உடைந்த பொம்மைகளை இடித்துச் சலித்துப் புழுதியாக்கித் தூவினாள். ஃபேனைப் பக்கத்தில் வைத்து மண்ணை வேண்டுமென்றே வெடிக்கவிட்டாள்.

"ஊருல எல்லாரும் வெடிக்கக் கூடாதுன்னு மாதாகிட்ட வேண்டிக்கிறாங்க. இவ வெடிக்கலியேன்னு அழுவுறா. கெரகம் புடிச்ச வேல!" என்று அண்ணி அருள்மேரி தலையில் அடித்துக்கொண்டு சிரித்திருக்கிறாள்.

இப்போது அண்ணி சிரிக்கவில்லை. உடைந்த கண்ணாடியைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் கிளமெண்ட்தான் அச்சு அடுக்குகளுக்குப் பின்னாலிருந்து வந்தான். கொட்டகை அவனுடையது. கிறிஸ்மஸ் குடிலுக்கான சுரூபங்கள் செய்கிற யூனிட்.

"நாந்தான் தொட்டேன். பினிஷிங் பண்ணாமயே வச்சிட்டுப் போயிட்டியே, ஒதவியா இருக்கட்டுமேன்னு காத்தால வந்து ஸ்பாஞ்சு போட்டேன். அதுக்கு ஏன் இந்தக் குதி குதிக்கிற?"

"பினிஷிங்கா! அது மழை பெய்யாத எடம்ணே! காத்து கெடையாது, ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது. கோடி வருசமானாலும் அந்தக் குழியோட ஓரம் மழுங்கக் கூடாது. எத்தன தடவ தலப்பாடா அடிச்சிக்கிட்டேன் ஒன்கிட்ட!"

"எனக்கெங்கடி தெரியும் ஒன் கெரகத்துச் சேதியெல்லாம்? சொரசொரன்னு மண்ணப் பாத்தா கை சும்மா இருக்குமா?"

அதைக் கேட்டதும் லிசாவின் கோபத்தில் பாதி இறங்கிவிட்டது. இந்தச் செராமிக் பேட்டையில் கை சும்மா இருக்காதுதான். அச்சிலிருந்து எடுத்த பொம்மையில் துளி பிசிறு இருந்தாலும் யாராவது ஒரு விரல் அதைத் தேடிக்கொண்டு போகும். ஏன், பூசை நடக்கும்போதே பெஞ்சின் சொரசொரப்பை நகத்தால் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்தானே இவளும்! அண்ணனைச் சொல்லி என்ன? போனது போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, வீணான மண்ணை ஊறவைக்கிற டிரம்மில் போடுவதற்காக ஒரு தட்டைத் தூக்கினாள்.

வாசல் வெளிச்சம் தட்டின்மேல் சாய்வாக விழுந்தது. வழவழப்புக்கு அடியில் மெல்லிய கோடுகள் தெரிந்தன. ஒரே சீராக, பக்கம் பக்கமாக, சீப்பால் வாரியதுபோல. லிசா அடுத்த தட்டை எடுத்தாள், அதற்கடுத்ததையும் எடுத்தாள். எல்லாவற்றிலும் அதே கோடுகள்.

காய்ந்த மண்ணில் ஸ்பாஞ்சு போட்டால் ஓரம் மழுங்கும், அவ்வளவுதான். குழி எங்கேயும் போகாது. அரை விரல் ஆழக் குழியை இல்லாமல் ஆக்க வேண்டுமென்றால் இரும்பு அறுக்கிற, பல் வைத்த ஆக்சா பிளேடைப் பிடித்து, குனிந்து நின்று, மூச்சு வாங்கச் சுரண்ட வேண்டும். தூளை அள்ளிக் கொட்ட வேண்டும். அப்புறம்தான் சுரண்டிய தடம் தெரியாமல் இருக்க ஸ்பாஞ்சு. பழக்கதோஷத்தில் எந்தக் கையும் அதைச் செய்யாது.

"அண்ணே, பிளேடு போட்டுச் சொரண்டியிருக்கிற."

"எந்த பிளேடு?"

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

கிளமெண்ட் பார்க்கவில்லை. அப்புறம் திடீரென்று கத்தினான். "ஆமாண்டி, சொரண்டுனேன்! நீ பாட்டுக்கு மெட்ராசுக்கு மூட்ட கட்டிட்டா குடில்ல வைக்கிற பாலன் மொகத்த யாரு எடுப்பா? ஒன் கையில வர்ற மொகத்துக்காகத்தான் ஃபாதருங்க நம்மளத் தேடி வராங்க. சீசன் நேரத்துல நான் என்னா பண்ணுவேன்? அப்பா போனப்புறம் ஒன்னப் படிக்க வச்சது யாரு?"

"நீதான் படிக்க வச்ச. இல்லேன்னு எவ சொன்னா? அதுக்குத்தான் படிச்சு முடிச்ச நாள்லேருந்து ஒன் கொட்டகையிலயே கெடக்குறேன். ஆனா திருட்டுத்தனமா வந்து சொரண்டிட்டு, ஒதவின்னு வேற சொன்ன பாரு, வெக்கமா இல்லியாடா ஒனக்கு!"

அண்ணனை அவள் 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. அருள்மேரி விளக்குமாற்றோடு அப்படியே நின்றுவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து லிசாவின் போன் அடித்தது. சண்முகப்ரியா.

அருள்மேரி ஓடிவந்து காதோரம் கிசுகிசுத்தாள். "கரண்டு இல்லேன்னு சொல்லிடு லிசா. மண்ணு சரியில்லேன்னு சொல்லு. வூட்டு வெவகாரம் வெளிய போவக் கூடாது."

இப்படி எத்தனை பொய்! சுரூபம் தாமதமாகும்போதெல்லாம் அண்ணனுக்காக ஃபாதர்களிடம் கரண்டையும் மழையையும் சாட்சிக்கு இழுத்தவள் லிசாதான். இந்த முறை மாட்டேன். எனக்கென்ன தலையெழுத்தா? அவள் ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"பிரியா, தட்டெல்லாம் ரெடியா இருந்துச்சு. நான் போயிடக் கூடாதுன்னு எங்கண்ணன் வேணும்னே சொரண்டி அழிச்சிட்டாரு."

மறுமுனையில் சண்முகப்ரியா பதறினாள். "நெசமாவா? என்னாடி இது! நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் எப்படியாவது இழுத்துப் புடிக்கிறேன். அதுக்கு மேல என் கையில இல்ல. வேற ஆளுங்களும் மாதிரி அனுப்பியிருக்காங்க. ஒரே நாள்ல முடியுமா?"

"முடியுமோ முடியாதோ, செஞ்சு அனுப்புறேன்."

"அங்கயே வச்சா?"

"இங்கயா? இங்க இனிமே பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்."

போனை வைத்ததும் கிளமெண்ட் பொங்கினான். "போன்ல போட்டு மானத்த வாங்கிட்டியே! நான் ஒன் அண்ணன்டி!"

"அண்ணன்னுதான் வாயோட வுட்டேன். வேத்தாளா இருந்தா நடந்திருக்கிறதே வேற."

மூலையில் இருந்த மண்சாக்கை இழுத்தாள். அவள் கைக்காசில் வாங்கிய மண். அடுத்த வரிசையில் அகல்விளக்கு செய்கிற அன்பரசி அக்காவின் கொட்டகையில் ஒரு மேசை கேட்டால் கொடுப்பாள். சாக்கு பாதி வழியில் நின்றுவிட்டது. அருள்மேரி வந்தாள், இன்னொரு முனையைப் பிடித்தாள். கட்டினவன் முறைப்பதை அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

வாசலுக்கு வந்தபோது பின்னாலிருந்து கிளமெண்டின் குரல் கேட்டது. அதில் கத்தல் போயிருந்தது.

"லிசா... கிறிஸ்மஸ் வரைக்குமாவது இருக்கியாம்மா?"

லிசா நின்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதுவும் கோபமாகத்தான் வந்தது.

"நேத்து கேட்டிருந்தா சரிண்ணேன்னு சொல்லியிருப்பேன்," என்றாள். "தூக்குங்க அண்ணி."