ஆனாவுக்குப் பிறகு

கனடாவின் சஸ்காட்சுவான் சமவெளியில் ஹார்விக் என்ற ஊரில், "நான் பெண்ணியவாதியெல்லாம் இல்ல, ஆனா" என்று தொடங்கிய எந்தப் பெண்ணின் பேச்சும் அந்த ஆனாவுக்குப் பிறகு யாருக்கும் கேட்டதில்லை. உதடு அசையும், கழுத்து நரம்பு புடைக்கும், சத்தம் மட்டும் வராது. முதலில் பள்ளி ஆசிரியை மிஸ் பிராண்ட்டுக்கு அப்படி ஆயிற்று. அவர் சாகும்வரை சரியாகவில்லை. வறண்ட காற்றுதான் காரணம் என்றார் மருத்துவர். உதடு ஓயும்வரை மரியாதையாகக் காத்திருந்துவிட்டுக் கோதுமை விலை பேச ஊர் பழகிக்கொண்டது. பெண்ணியவாதி இல்லை என்று சொல்லாமல் பேச்சைத் தொடங்கப் பெண்களுக்குப் பயம். கம்யூனிஸ்ட் என்று பெயர் வாங்கிய தையல்காரர் ஒருவர்மேல் யாருடைய பார்வையும் நிற்காமல் வழுக்கிப் போனதை அவர்கள் பார்த்திருந்தார்கள்.

இர்மா டோக்கன் இருபது வருடத்துக்கு மேல் டிராக்டர் ஓட்டி, ஈனும் பசுக்களுக்குக் கன்று இழுத்து, வைக்கோல் இயந்திரத்தில் ஒரு விரலையும் பறிகொடுத்தவள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில் அவள் கணவன் லெஸ்டர் அவளை விட்டு விலகி, தன் பெயரிலிருந்த நிலத்தை விற்கக் கிளம்பியபோது வழக்குப் போட்டாள்.

தங்கை கோரா பதறினாள். "அந்தப் பேரு மட்டும் வாங்கிக்காதக்கா. முதல்லயே இல்லைன்னு சொல்லிடு."

"சொன்னா அப்புறம் பேசுறது யாருக்குடி கேக்கும்?"

"கேக்காட்டிப் போகுது. மரியாதையாவது மிஞ்சும்."

நீதிமன்றத்தில் இர்மாவின் வாய் பழக்கத்தில் அப்படியே தொடங்கிவிட்டது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. "கொஞ்சம் சத்தமா சொல்லும்மா" என்றார் நீதிபதி. மறுபடியும் அதேதான்.

லெஸ்டர் சிரித்தான். "இவ எப்பவும் இப்படித்தான் ஐயா. சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது."

இர்மா அவனைப் பார்த்தாள். "நான் பெண்ணியவாதிதான். அந்த நிலத்துல பாதி என்னுது."

குரல் தெளிவாக வந்தது. அதோடு நிற்கவுமில்லை. ஊரில் அதுவரை அடங்கிப்போன குரல்களெல்லாம் அவள் வாய் வழியே ஒவ்வொன்றாக வந்தன. சில குரல்களுக்கு உரியவர்கள் கல்லறையில் இருந்தார்கள். மிஸ் பிராண்ட் பேசத் தொடங்கியதும், அவரிடம் படித்த நீதிபதி தன்னையறியாமல் எழுந்து நின்றார். மாலைவரை யாரும் உட்காரவில்லை.

பாதி நிலம் கிடைத்தது. கடைத்தெருவில் பார்வைகள் அவள்மேல் வழுக்கின. தேவாலய விற்பனையில் அவள் சுட்ட ஆப்பிள் பை பலகாரத்தை ஈகூடத் தொடவில்லை. கோராவும் வருவதை நிறுத்திக்கொண்டாள்.

அறுவடை முடிந்த ஒரு பிற்பகல், கோரா சமையலறை வாசலில் பெட்டியோடு வந்து நின்றாள். இடது கன்னம் வீங்கியிருந்தது. "நான் உன்னை மாதிரி பெண்ணியவாதியெல்லாம் இல்லக்கா, ஆனா" என்றாள். பிறகு வெகுநேரம் அவள் உதடு மட்டும் அசைந்தது.

இர்மா அது ஓயும்வரை காத்திருந்தாள்.

"பெட்டியை உள்ள எடுத்துட்டு வா. மாடி அறை காலியாத்தான் இருக்கு."