மதகனேந்தல் மடை மரியாதை

மதகனேந்தலுக்கு முந்நூறு வருசக் கதை உண்டு. இடிந்த மண்கோட்டை உண்டு, வியாழக்கிழமைச் சந்தை உண்டு, திருச்சுழி டவுன் பஸ் திரும்பிப் போகிற முக்கு உண்டு. ஆனால் அந்த ஊரில் பிறந்த எவனைக் கேட்டாலும் முதலில் கண்மாய் மடையைப் பற்றித்தான் பேசுவான். கண்மாய் பெருகிய வருசம் ஊரே கரையில் கூடும். "உக்கிரபாண்டி வகையறா மடை எறங்குறாக" என்று மைக்கில் பேர் சொல்லுவார்கள். அந்த வகையறாவில் ஒருவர் மாலை வாங்கிக்கொண்டு, மடையின் கல் தூணைப் பிடித்து மூச்சடக்கித் தண்ணீருக்குள் முங்கி, அடியில் துவாரத்தை அடைத்திருக்கும் கல்லைப் புரட்டுவார். அப்புறம்தான் வயலுக்குத் தண்ணீர்.

உக்கிரபாண்டி யார்? என்றைக்கோ ஒரு பெருவெள்ளத்தில் மடை உடைத்துக்கொண்டபோது தன் உடம்பை வைத்து அடைத்துச் செத்துப்போனவர். கூலிக்கு உழுத குடும்பம். வருசம் முழுக்க வாசலுக்கு வெளியே நிற்க வைத்தே பேசிய ஊர், அந்த ஒரு நாள் மட்டும் அவர்கள் கழுத்தில் மாலை போட்டது. இப்போது அந்த வகையறாவில் மடை இறங்கத் தெரிந்த ஒரே ஆள் ரத்தினம். அருப்புக்கோட்டையில் மில்லு வேலை. ஷிப்டு போனாலும் போகட்டும் என்று மடை திறப்புக்கு ஓடி வந்துவிடுவான்.

மூன்று வருசத்துக்கு முன்னால் கண்மாய் பெருகியபோது மாரீஸ்வரன் அவன் வீடு தேடி வந்தான். நஞ்சை புஞ்சை உள்ள வீட்டுப் பிள்ளை, ரத்தினத்தோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. ஊர் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறேன் என்று இரண்டு வருசமாக ரத்தினத்திடம் கதை கேட்டு எழுதிக்கொண்டிருந்தவனும் அவன்தான்.

"ஏலே ரத்தினம், எங்கப்பா ஆறு மாசம் தாங்க மாட்டாருன்னு டாக்டரு கைய விரிச்சிட்டாருலே. சாகுறதுக்குள்ள ஒருவாட்டி அந்த மரியாதையக் கழுத்துல வாங்கிப் பாக்கணுமாம். ஊரு முன்னால வெத்தல பாக்கு வச்சு நீ குடுத்தியன்னா மனசு ஆறிப் போவாரு."

ரத்தினத்தின் மனைவி அனுசியா அடுப்படியிலிருந்தே சொன்னாள். "மாலைய வேணா போட்டுட்டுப் போகட்டும். வெத்தல எதுக்கு?"

அவள் கேட்டதில் விசயம் இருந்தது. அந்த ஊரில் பத்துப் பேர் முன்னால் வெற்றிலை பாக்கைக் கையில் கொடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது. நிலமோ பெண்ணோ, பத்திரமெல்லாம் அதற்கு அப்புறம்தான். ரத்தினத்துக்கு இது தெரியாதா? தெரியும். "அவன் என்ன அந்நியனா? பேசாம இரு" என்று அவள் வாயை அடைத்துவிட்டான். மறுநாள் கரையில் மாரீஸ்வரனின் அப்பா மொக்கையன் கையில் வெற்றிலைத் தட்டைக் கொடுத்தான். கிழவர் அழுதார். ரத்தினமும் அழுதான். மாலை இல்லாமலே முங்கி மடையைத் திறந்துவிட்டு வந்தான். மாரீஸ்வரன் செல்லில் படம் பிடிக்க, பாவி மனுசன் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வேறு நின்றான்!

ஆறு மாசம் என்றார்களே, மொக்கையன் இன்னும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார்.

இந்தக் கார்த்திகையில் கண்மாய் மறுபடி பெருகியது. மடை திறப்புக்கு ஒரு வாரம் முன்னால் புத்தகம் வெளியானது. ரத்தினம் டீக்கடையில் நின்றபடி புரட்டினான். வெற்றிலை கொடுக்கும் படம் முழுப் பக்கத்துக்கு இருந்தது. "மடை மரியாதை மொக்கையன் குடும்பத்தாருக்கு உரியது. பழைய மடைக்காரர்கள் ஊர் முன்னிலையில் மனமுவந்து ஒப்படைத்தனர்" என்று கீழே எழுதியிருந்தது. உக்கிரபாண்டியைத் தேடினான். அவர் செத்த கதை இருந்தது, இவன் சொன்ன வார்த்தை மாறாமல். பேர் மட்டும் இல்லை. 'ஒரு வேலையாள்' என்று போட்டிருந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மாரீஸ்வரனுக்குப் போன் போட்டான். ஒரு வாரமாகப் போட்டும் அவன் எடுக்கவில்லை.

திறப்பு நாளன்று மொக்கையன் கழுத்தில் மாலை விழுந்தது. மைக்கில் அவர் பேரைச் சொன்னார்கள். எல்லாம் முடிந்ததும் மாரீஸ்வரன் கூட்டத்தில் ரத்தினத்தைத் தேடிப் பிடித்தான்.

"வாலே, எறங்கு. நேரமாச்சு."

ரத்தினம் சட்டையைக் கழற்றி, துண்டைக் கட்டித் தயாராகத்தான் நின்றான். ஆனால் இறங்கவில்லை. "உக்கிரபாண்டி பேர மைக்குல ஒருவாட்டி சொல்லு. மாலை வேணாம், மண்ணாங்கட்டி வேணாம். பேர மட்டும் சொல்லு, இப்பவே எறங்குறேன்."

"வெத்தல குடுத்தாச்சுல்ல? அப்புறம் என்ன பேரு?"

"வெத்தல குடுத்தா மடையும் ஒங்களோடதுதான். நீயே எறங்கித் தெறந்துக்க."

ரத்தினம் அசரவில்லை. தான் முங்காமல் ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது என்று அவனுக்கு அவ்வளவு நிச்சயம். மாரீஸ்வரன் அவனை ஒரு நிமிசம் ஏறிட்டுப் பார்த்தான். பிறகு செல்லை எடுத்தான். "கோகுலு, பைபாஸ் வேலைக்கு நிக்கிற ஜேசிபிய கரைக்கு ஓட்டிட்டு வா."

ஜேசிபி வந்தே விட்டது. அதன் கை நீருக்குள் போய் மடையின் கல் தூணைக் கவ்வியபோதுதான் ரத்தினத்துக்கு உறைத்தது. உடைத்தால் அப்புறம் அடைக்க முடியாது. கோடைக்கு ஒரு வாய்த் தண்ணீர் நிற்காது. எத்தனை தலைமுறை முங்கித் தொட்ட கல் அது!

"ஒடைக்காதீகய்யா! நான் எறங்குறேன், பேரும் வேணாம் ஒண்ணும் வேணாம்!" என்று கத்திக்கொண்டு ஓடினான்.

மாரீஸ்வரன் கையை நீட்டி மறித்தான். "வேணாங்க. இனிமே ஒங்களுக்குச் செரமம் வேணாம். நீங்க வீட்டுக்குப் போங்க."

தூண் முறிந்து, அடைப்புக் கல்லையும் பெயர்த்துக்கொண்டு சாய்ந்தது. தண்ணீர் நுரைத்துக்கொண்டு பாய்ந்தது. பெண்கள் குலவையிட்டார்கள், சனம் தண்ணீர் பின்னாலேயே வயலைப் பார்த்து ஓடியது. அனுசியா சட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். அவன் வாங்கவில்லை, கரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"முப்பத்தஞ்சு வருசமா என்னைய ஏலேன்னு கூப்பிட்டவன்டி," என்று சொல்லி அழுதான். "இன்னைக்கு வாங்க போங்கங்கிறான்."