லுண்டுப்பின் கம்பளி அங்கி

பிப்ரவரி, பனிச்சிறுத்தைகள் ஜோடி தேடும் மாதம். அவற்றைக் கணக்கெடுக்கப் பாறைகளில் கட்டியிருந்த கேமராக்களைப் பார்த்துவருவது லுண்டுப்பின் வேலை. ஏற்றத்தில் வியர்த்துப்போனதால், கம்பளி அங்கியைக் கழற்றி ஒரு சாய்ந்த பாறையின் அடியில் போட்டுவிட்டு மேல் கேமராவுக்குப் போனான். திரும்பி வந்தபோது அங்கி நனைந்திருந்தது. நாற்றம் மூக்கைத் துளைத்தது.

அங்கிருந்த கேமராவைத் திறந்து பார்த்தான். ஒரு பெண் சிறுத்தை அங்கியை முகர்ந்து, கன்னத்தைத் தேய்த்து, நிதானமாகத் திரும்பி நின்று, உடம்பளவு நீண்ட வாலைத் தூக்கிப் பீய்ச்சிவிட்டுப் போயிருந்தது. துணை வேண்டும் என்று அவை சொல்லியனுப்புவது அப்படித்தான். பனி விழுந்து அழிக்காத சாய்ந்த பாறையாகப் பார்த்துத்தான் அதைச் செய்யும்.

காற்று ஊசியாகக் குத்தியதால் அதையே மாட்டிக்கொண்டு இறங்கினான். அவனைக் கண்டதும் பட்டியில் ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சுவரோடு ஒட்டிக்கொண்டன. நாய் கூரைக்கு ஓடிவிட்டது. மனைவி குன்செஸ் மட்டும் வாசலை மறித்து நின்றாள்.

"யாரோட இருந்துட்டு வர்றீங்க?"

"சிறுத்தைம்மா. பொட்டைச் சிறுத்தை."

"அதையும் விசாரிச்சாச்சா?"

சாம்பல் போட்டு மூன்று முறை துவைத்தாள். அங்கி பலகைபோல உறைந்ததே தவிர, நாற்றம் போகவில்லை. கடைசியில் வயலோர மரத்தில் தொங்கவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் தீவனக் கூடையோடு போனவள் அப்படியே நின்றுவிட்டாள். மரத்தடியில் ஒரு பெரிய ஆண் சிறுத்தை அங்கியின் கையை முகர்ந்து, மேலுதட்டைச் சுருட்டி, தும்மல் வராமல் தவிப்பவனைப் போல வாயைத் திறந்து நின்றது. குன்செஸ் அதட்டினாள். பனிச்சிறுத்தைக்குக் கர்ஜிக்க வராது. மூக்கால் ஒரு 'புஃப்' விட்டு, அங்கியில் தன் பங்குக்கும் பீய்ச்சிவிட்டு, அவசரமில்லாமல் மலையேறியது.

செய்தி கேட்டு லே நகரிலிருந்து கணக்கெடுக்கும் டோல்கர் வந்து மரத்தில் கேமரா கட்டினாள். ஒரே மாதத்தில் மூன்று ஆண் சிறுத்தைகள் படத்தில் விழுந்தன. அதில் ஒன்றை அதுவரை யாரும் பார்த்ததில்லை. அங்கியை எடுக்கவே வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். லுண்டுப் மனைவியின் ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு நடமாடினான்.

"அண்ணே, பக்கத்துப் பள்ளத்தாக்குக்கும் இந்த மாதிரி ஒண்ணு கிடைக்குமா?" என்று அடுத்த முறை வந்தபோது டோல்கர் கேட்டாள்.

வெண்ணெய்த் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த குன்செஸ் முந்திக்கொண்டாள்.

"துணி எதுக்கு வீணா? இவரையே கொண்டுபோய்க் கட்டி வைங்க."

டோல்கர் சிரிக்கவில்லை. யோசிப்பவள்போல அவனை மேலும் கீழும் பார்த்தாள். லுண்டுப் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, ஆடுகளைப் பார்க்கணும் என்று எழுந்து போனான்.